இரண்டு கோர்களுக்கு நடுவே உள்ள தூரம்

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் பழைய கணினி வைத்திருப்பவர்கள், அதைத் திருத்தத் தெரிந்தவரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணை, இது டுவல் கோர்தானே, இன்னும் பாவிக்கலாமோ?” இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. தனிநபர் கணினிக்கான இரட்டைக் கோர் புராசஸர், அதாவது கணக்குப் போடும் பகுதிகள் இரண்டு கொண்ட சில்லு, முதன்முதலில் கடைக்கு வந்தது 2005இல். 2024 ஜனவரியில்கூட இன்டெல் நிறுவனம் இரண்டு கோர் கொண்ட ஒரு மேசைக்கணினி புராசஸரை, ‘இன்டெல் புராசஸர் 300’ என்ற பெயரில் வெளியிட்டது. இரண்டிலும் கோர் இரண்டுதான். முதலாவது, இன்றைய செய்தித்தளம் ஒன்றைத் திறக்கவே திணறும். இரண்டாவதில் ஒரு அலுவலகத்தின் அன்றாட வேலையெல்லாம் பார்க்கலாம்.

எண்ணிக்கை மாறவில்லையென்றால் மாறியது எது? ஒவ்வொரு கோரும் தனித்தனியே திறமை கூடியது பாதிக் கதை. மற்றப் பாதியைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அந்த இரண்டு கோர்களும் ஒன்றோடொன்று பேசவும் நினைவகத்தைத் தொடவும் எவ்வளவு தூரம் போய்வர வேண்டியிருந்தது என்பதே அது. பழைய கணினியை வைத்திருப்பதா, கழித்துவிடுவதா என்று முடிவெடுக்க நினைப்பவர் அந்தத் தூரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு கோர் என்பது ஆசைப்பட்டு வந்ததல்ல, வேறு வழி அடைபட்டதால் வந்தது. 2000ஆம் ஆண்டின் கடைசியில் பென்டியம் 4 வெளிவந்தபோது அதன் உச்ச வேகம் 1.5 கிகாஹெர்ட்ஸ். இதே வடிவமைப்பைப் பத்து கிகாஹெர்ட்ஸ் வரை இழுத்துக்கொண்டு போகலாம் என்று இன்டெல் நம்பியது. அந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இருந்தது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், அதே பரப்பில் வரும் வெப்பம் கூடாது என்று ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1974இல் காட்டியிருந்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்தக் கணக்குப் பலித்தது. 90 நானோமீட்டர் அளவுக்கு வந்தபோது பலிக்கவில்லை. டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும் வேளையிலும் மின்சாரம் கசிந்தது. மின்னழுத்தத்தை அதற்குமேல் குறைக்க முடியவில்லை.

2004 பெப்ரவரியில் வந்த ‘பிரெஸ்காட்’ பென்டியம் 4, ஒரு கட்டளையை 31 படிகளாகப் பிரித்துச் செய்தது. படிகள் கூடினால் கடிகார வேகத்தைக் கூட்டலாம். ஆனால் அந்த வேகத்தைத் தாங்க வெப்பம் விடவில்லை. அதற்கு அடுத்து வரவிருந்த ‘தேஜாஸ்’ அதே ஆண்டு மே மாதத்தில் கைவிடப்பட்டது. வாக்களித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 ஒக்டோபரில் கைவிடப்பட்டது. அப்போது இன்டெல்லின் தலைமை நிர்வாகியாக இருந்த கிரெய்க் பாரெட், ஒரு தொழில்நுட்ப மாநாட்டு மேடையில் முழந்தாளிட்டு அதற்கு மன்னிப்புக் கேட்டார். ஒரு தொழில் தன் பாதையை மாற்றிக்கொண்ட தருணம் இத்தனை வெளிப்படையாக அமைவது அபூர்வம்.

மாற்று வழி கணக்கிலேயே இருந்தது. ஒரு சில்லு எடுக்கும் மின்சாரம் அதன் கடிகார வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடிக் குறையும். வேகத்தை 15 விழுக்காடு குறைத்து, அதற்கேற்ப மின்னழுத்தத்தையும் 15 விழுக்காடு குறைத்தால், 0.85ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். வருவது 0.61. அப்படிப்பட்ட கோர்கள் இரண்டை வைத்தால் மொத்த மின்செலவு 1.23 மடங்கு. செய்யக்கூடிய வேலையோ 1.7 மடங்கு. ஒரு கோரை விரட்டி விரட்டி எடுக்க முடியாததை, நிதானமாக ஓடும் இரண்டு கோர்களிடம் எடுக்கலாம். வேலையைப் பிரித்துக் கொடுக்க முடிந்தால் மட்டுமே என்ற நிபந்தனை இதில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2005 மே மாதத்தில் இன்டெல் பென்டியம் டி வரிசையை வெளியிட்டது. 820, 830, 840 என்று மூன்று. வேகம் முறையே 2.8, 3.0, 3.2 கிகாஹெர்ட்ஸ். அவசரத்தில் செய்த வேலை என்பது உள்ளே பார்த்தால் தெரியும். இரண்டு பிரெஸ்காட் கோர்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒரே சிலிக்கன் துண்டில் அச்சிட்டு, இரண்டையும் மதர்போர்டுக்குப் போகும் ஒரே பஸ்ஸில், அதாவது ஒரே தரவுப் பாதையில், கோத்துவிட்டார்கள். இரண்டுக்கும் இடையே நேர்வழி கிடையாது. முதல் கோர் மாற்றிய ஒரு தரவு இரண்டாவதற்குத் தேவைப்பட்டால், அது சில்லைவிட்டு வெளியேறி, மதர்போர்டில் ஓடும் அந்தப் பஸ்ஸின் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். நினைவகத்துக்குப் போகும் போக்குவரத்து எல்லாமும் அதே பாதையில்தான். ஒரே வீட்டின் அடுத்தடுத்த அறைகளில் இருக்கும் இருவர், தமக்குள் ஒரு சேதி சொல்லத் தெருமுனைத் தபாற்கந்தோருக்குப் போய்க் கடிதம் போட்டுவிட்டு வருவதைப் போன்றது அது. 2006 தொடக்கத்தில் வந்த ‘பிரெஸ்லர்’ பென்டியம் டி இதைத் திருத்தவில்லை. இரண்டு தனிச் சிலிக்கன் துண்டுகளை ஒரே மூடியின் கீழ் வைத்து, சில்லின் உள்ளேயே இருக்கும் ‘கேஷ்’ என்ற சிறு நினைவகத்தைக் கூட்டியது, அவ்வளவுதான்.

ஏஎம்டியின் அத்லன் 64 எக்ஸ்2 அதே 2005 மே மாத முடிவில் வந்தது. ஏஎம்டி தன் 64 பிட் வடிவமைப்பை 2003இல் கொண்டுவந்தபோதே இரண்டாவது கோருக்கு உள்ளே இடம் ஒதுக்கி வைத்திருந்தது. நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி சில்லின் உள்ளேயே இருந்தது. இரண்டு கோர்களின் கோரிக்கைகளும் சில்லுக்குள்ளேயே ஒரு சந்தியில் கூடிப் பிரிந்தன. வெளியே போக வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்தது. ஏற்கெனவே சாக்கெட் 939 மதர்போர்ட் வைத்திருந்தவர் பெரும்பாலும் பயாஸைப் புதுப்பித்துவிட்டு இதைப் பொருத்திக்கொள்ளலாம். பென்டியம் டிக்குப் புதிய மதர்போர்டே வாங்க வேண்டியிருந்தது.

விலைதான் இடித்தது. பென்டியம் டி 820இன் மொத்த விற்பனை விலை 241 டொலர். எக்ஸ்2 வரிசையின் 4200+ 537 டொலர், உச்சியில் இருந்த 4800+ ஆயிரம் டொலருக்கு ஒரு டொலர் கூட. கணினிக் கடைகள் வரிசையாக இருந்த அந்நாள் டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில், வேலை தெரிந்தவர்கள் எக்ஸ்2 கேட்டார்கள், பணத்தை எண்ணிச் செலவழித்தவர்கள் பென்டியம் டி எடுத்துப் போனார்கள். எக்ஸ்2விலும் ஒரு கோளாறு இருந்தது. இரண்டு கோர்களும் தத்தம் கடிகாரத் துடிப்பைத் தனித்தனியே எண்ணின, எண்ணிக்கைகள் மெல்ல விலகின. ஒரு விளையாட்டு மென்பொருள் முதல் கோரில் நேரம் பார்த்து, அடுத்த நொடி இரண்டாவது கோரில் பார்த்தால் காலம் பின்னோக்கிப் போனது போலத் தெரியும். திரையில் உருவங்கள் துள்ளும். இதைச் சரிசெய்ய ஏஎம்டி தனியே ஒரு சிறு மென்பொருள் வெளியிட வேண்டியிருந்தது. இருவரைச் சேர்ந்து வேலை செய்ய விட்டால் நேரத்தில்கூட உடன்பாடு தேவை என்பதை மென்பொருள் எழுதுபவர்கள் அப்போதுதான் பரவலாகக் கற்றுக்கொண்டார்கள்.

சில்லுகள் தமக்குள் பேசும் சிக்கலை அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே நேருக்கு நேர் எடுத்துக்கொண்டவர்கள் பிரிட்டனில்தான் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. லண்டனிலிருந்து மேற்கே, பிரிஸ்டலில், அரசு முதலீட்டில் 1978இல் தொடங்கிய இன்மோஸ் நிறுவனம் 1980களின் நடுவில் ‘டிரான்ஸ்பியூட்டர்’ என்ற சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டேவிட் மே வடிவமைத்தது. ஒவ்வொரு சில்லிலும் மற்றச் சில்லுகளோடு நேராகப் பேச நான்கு இணைப்புகள். எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். பேச்சுவார்த்தையை முதலில் வடிவமைத்து, கணக்கைப் பிறகு அதன்மேல் கட்டிய சில்லு அது. தனி ஒரு கோரே ஆண்டுக்காண்டு வேகமாகிக்கொண்டிருந்த காலத்தில் சந்தைக்கு அது தேவைப்படவில்லை. முன்னதாக வந்துவிட்டது. அந்த வடிவமைப்பாளர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்டெல் தன் தவறைத் திருத்திய விதம் பாராட்டத்தக்கது. பென்டியம் 4ஐத் தூக்கிப் போட்டுவிட்டு, இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்த அதன் குழு மடிக்கணினிகளுக்காக வளர்த்துவந்த சிக்கனமான வடிவமைப்பைக் கையில் எடுத்தது. 2006 ஜனவரியில் ‘கோர் டுவோ’ வந்தது. அதே மாதம் ஆப்பிளின் ஐமேக்கிலும் அது ஏறியது. முக்கியமான மாற்றம், இரண்டு கோர்களுக்கும் பொதுவான 2 மெகாபைட் கேஷ். ஒரு கோர் எழுதியதை மற்றது அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். தபாற்கந்தோர் தேவையில்லை. ஆனால் கோர் டுவோ 32 பிட் சில்லு. அந்த ஒரு குறைதான் பின்னாளில் அதை முடித்துவிட்டது. 2011இல் ஆப்பிளின் லயன் இயங்குதளம் அதை ஏற்கவில்லை. லினக்ஸிலும் குரோம் உலாவி 2016இல் 32 பிட்டைக் கைவிட்டது.

2006 ஜூலையில் கோர் 2 டுவோ வந்தது. 64 பிட், பெரிய பொதுக் கேஷ், ஒரே துடிப்பில் நான்கு கட்டளைகளை எடுக்கும் கோர்கள், 14 படிகள் மட்டுமே. 316 டொலருக்கு விற்ற ஈ6600, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டு, ஆயிரம் டொலர் அளவில் விற்ற 3.73 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் எக்ஸ்ட்ரீமைப் பெரும்பாலான வேலைகளில் முந்தியது. ஏஎம்டி எக்ஸ்2 விலைகளை ஏறத்தாழப் பாதியாக வெட்ட வேண்டிவந்தது.

இந்த இரண்டு தலைமுறைகளையும் அருகில் வைத்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. இரண்டும் ஒரே சாக்கெட் 775இல் உட்காருபவை. மேலே இருக்கும் விசிறியின் நான்கு கறுப்புப் பிளாஸ்டிக் முளைகளை அம்புக்குறி காட்டும் திசையில் திருப்பி மேலே இழுத்தால் விசிறியும் ஹீட் சிங்கும் கையோடு வரும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால், வெள்ளி நிற மூடியில் பொறித்த எழுத்துகள் தெரியும். பென்டியம் டி 820இல் 2.80 கிகாஹெர்ட்ஸ், 2எம், 800, 05ஏ என்று வரிசையாக இருக்கும். கோர் 2 டுவோ ஈ6300இல் 1.86 கிகாஹெர்ட்ஸ், 2எம், 1066, 06 என்று இருக்கும். முதலாவது கடிகார வேகம், அடுத்தது கேஷ், மூன்றாவது பஸ்ஸின் வேகம். கடைசிக் குறி, மதர்போர்டும் விசிறியும் தாங்க வேண்டிய வெப்ப வகுப்பு: 05ஏ 95 வாட், 06 65 வாட்.

இரண்டிலும் ‘2எம்’ என்றே இருக்கிறது பாருங்கள். பென்டியம் டியில் அது ஒன்றும் ஒன்றும். ஒரு கோர் தன் 1 மெகாபைட்டை நிரப்பிவிட்டுத் திண்டாடும்போதும், சும்மா இருக்கும் மற்றக் கோரின் 1 மெகாபைட்டைத் தொட முடியாது. இரண்டுக்கும் ஒரே தரவு தேவையென்றால் இரண்டு பிரதிகள் வைக்க வேண்டும், ஒன்றில் மாற்றம் வந்தால் மற்றதைச் செல்லாததாக்க வேண்டும். ஈ6300இல் அது முழு இரண்டு. ஒரு கோர் மட்டும் வேலை செய்தால் அதற்கே இரண்டும் கிடைக்கும். ஒரு பிரதி போதும். மூடியைப் பார்த்து, 2.80 இருக்கும் பென்டியம் டிதான் வேகமானது என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அந்த நான்கு எண்களில் எதுவும் கோர்களுக்கு நடுவே உள்ள பாதையைச் சொல்வதில்லை.

லண்டன் தமிழ் வீடுகளுக்குக் கோர் 2 டுவோ பெரும்பாலும் புதிதாக வரவில்லை. சிட்டியிலும் கேனரி வார்ஃபிலும் உள்ள பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணினிகளை மொத்தமாக மாற்றும். டெல் ஒப்டிபிளெக்ஸ் 745, 755, எச்பி கொம்பாக் டிசி7700 போன்ற கறுப்புப் பெட்டிகள் அப்படிக் கழிக்கப்பட்டு, பாவித்த பொருள் விற்பவர்களின் கைக்கு வந்தன. உறுதியான பெட்டிகள். அவற்றில்தான் பல பிள்ளைகள் ஏ லெவல் வரை படித்து முடித்தார்கள்.

அந்தக் கணினிகள் இவ்வளவு காலம் தாங்கியதற்கு மென்பொருளும் ஒரு காரணம். வேலையைப் பிரித்துக் கொடுக்க முடிய வேண்டும் என்று முன்பு சொன்ன நிபந்தனைக்கு வருகிறேன். கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் சொன்ன கணக்கு இது. ஒரு வேலையில் 60 விழுக்காட்டை மட்டுமே பிரித்துக்கொடுக்க முடியும் என்றால், இரண்டு கோர் இருந்தாலும் வேகம் 1.43 மடங்குதான் கூடும். மீதி 40 விழுக்காடு ஒரு கோரின் தலையில்தான். 2005இன் மென்பொருள்கள் பெரும்பாலும் பிரிக்கவே தெரியாதவை. இருந்தும் இரண்டு கோரின் அருமை விண்டோஸ் எக்ஸ்பி பாவித்தவர்களுக்கு உடனே தெரிந்தது. பின்னணியில் வைரஸ் தேடும் மென்பொருள் ஒரு கோரைப் பிடித்துக்கொண்டாலும் மற்றது கைக்குக் கிடைத்தது. மௌஸ் உறையவில்லை. 2008 செப்டெம்பரில் கூகுளின் குரோம் உலாவி வந்து, ஒவ்வொரு தாவலையும் தனி இயக்கமாகப் பிரித்தது. அன்றிலிருந்து மிகச் சாதாரணமான இணைய வேலைகூட இரண்டு கோர்களுக்கும் பங்கிடப்பட்டது. ஒரு கோர் கணினிகள் அதற்குப் பிறகு வேகமாக மறைந்தன.

2008இன் 45 நானோமீட்டர் ‘வொல்ஃப்டேல்’ கோர் 2 டுவோவின் சிறந்த வடிவம். 3 கிகாஹெர்ட்ஸ், 6 மெகாபைட் பொதுக் கேஷ் கொண்ட ஈ8400ஐ நான் இன்றும் மரியாதையோடு பார்க்கிறேன். 2010 ஜனவரியில் வந்த முதல் கோர் ஐ3, ஒவ்வொரு கோரையும் இரண்டு இழைகளாகக் காட்டும் ஹைப்பர் திரெடிங்கைக் கொண்டிருந்தது. ஆனால் நினைவகத்துக்கான தூரம் அதிலும் முழுதாகக் குறையவில்லை. கோர்கள் 32 நானோமீட்டர் துண்டில், நினைவகக் கட்டுப்பாடும் கிராபிக்ஸும் பக்கத்தில் வேறொரு 45 நானோமீட்டர் துண்டில். நினைவகத்தைத் தொட ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்ட வேண்டும். அடுத்த ஆண்டே ‘சாண்டி பிரிட்ஜ்’ இதை முடித்துவைத்தது. கோர்கள், கிராபிக்ஸ், பொதுக் கேஷ், நினைவகக் கட்டுப்பாடு எல்லாம் ஒரே சிலிக்கனில், ஒரு வளையப் பாதையைச் சுற்றி. இந்த 2011 ஐ3 2100தான் இரட்டைக் கோர் முழுமை பெற்ற இடம் என்பது என் கணிப்பு. அதன்பின் 2017 வரை வந்த ஐ3கள் அதே அமைப்பை நயமாக்கியவை. மின்தேவை 65 வாட்டிலிருந்து 51 வாட்டுக்கு இறங்கியது. 2017 ஒக்டோபரில் ஐ3 8100 நான்கு கோரோடு வந்தபோது இரட்டைக் கோரின் நடுத்தரக் காலம் முடிந்தது.

மடிக்கணினிகளில் இது இன்னும் மறைவாக நடந்தது. 2017இன் முற்பகுதி வரை வந்த மெல்லிய மடிக்கணினிகளில் ‘ஐ5’ என்று ஒட்டியிருந்தாலும், ‘ஐ7’ என்று ஒட்டியிருந்தாலும் உள்ளே இருந்தது இரண்டு கோர்தான். ஐ7 7500யு அதற்கு நல்ல சான்று. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள்கூட ஸூமுக்கு மாறியபோது, பரணில் கிடந்த இப்படிப்பட்ட மடிக்கணினிகள்தான் கீழே இறங்கின. ஸூம் பரிந்துரைத்ததும் 2 கிகாஹெர்ட்ஸ் இரட்டைக் கோர்தான். சாண்டி பிரிட்ஜும் அதன் பின்வந்தவையும் அந்த வகுப்புகளைத் தாங்கின. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் இன்னும் சுகமாகத் தாங்கின.

இந்தக் கணினிகளை இப்போது வெளியே தள்ளுவது கோரின் எண்ணிக்கை அல்ல. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது இரண்டு கோர், 1 கிகாஹெர்ட்ஸ். கூடவே அங்கீகரித்த புராசஸர் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் 6 வாட்டில் ஓடும் எளிய இரட்டைக் கோர் செலரான் என்4020 இருக்கிறது. அதைவிட நன்றாக ஓடும் ஐ7 7500யு இல்லை. பாதுகாப்பைக் காரணமாகச் சொல்கிறது மைக்ரோசொஃப்ட். அது பொய்க் காரணமல்ல. ஆனாலும் நன்றாக ஓடும் இத்தனை இயந்திரங்களை ஒரு பட்டியல் குப்பைக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. லினக்ஸ் மின்ட் போட்டால் இவை இன்னும் பல ஆண்டு ஓடும். லண்டனில் ரீஸ்டார்ட் ப்ராஜெக்ட் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் திருத்தும் கூட்டங்களுக்கு எடுத்துப் போனால் பக்கத்தில் இருந்து காட்டித் தருவார்கள்.

பென்டியம் டியைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தக் கணினி 150 வாட் இழுக்கிறது, நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 328 யூனிட். 2022 ஒக்டோபரில் அரசு கட்டுப்படுத்திய சராசரி விலை யூனிட்டுக்கு 34 பென்ஸ், அந்தக் கணக்கில் 111 பவுண். அந்தக் காசுக்கே சாண்டி பிரிட்ஜுக்குப் பின்வந்த பாவித்த கணினி ஒன்று கிடைக்கும். கோர் 2 டுவோவை எழுதவும் படிக்கவும் லினக்ஸோடு வைத்திருக்கலாம். பென்டியம் டியையும் 32 பிட் கோர் டுவோவையும் நியூஹாம் பக்கத்தில் உள்ளவர்கள் பார்க்கிங்கின் ஜென்கின்ஸ் லேன் மறுசுழற்சி நிலையத்தில் ஒப்படைத்துவிடலாம். கொண்டுபோகுமுன் பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் நான்கு திருகாணிகள், இரண்டு வயர்கள், அவ்வளவுதான்.